செய்தியான நடுகல்: ஒரு வட்டார வரலாற்று ஆய்வு மையத்தின் ஓராண்டு

பின்னணி

வட தமிழகத்தின் வறண்ட வட்டம் ஒன்றில் இயங்கும் சிறிய வரலாற்று ஆய்வு மையத்தின் ஓராண்டு நடவடிக்கைகளை இந்த ஆய்வு பதிவு செய்கிறது. ஊரும் ஆட்களும் அடையாளம் தெரியாதபடி பெயர்கள் விடப்பட்டுள்ளன.

மையம் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975-இன் கீழ்ப் பதிவு பெற்றது. ஏழு பேர் சேர்ந்தால் சங்கம் பதியலாம். அதை நடத்துவதுதான் கடினம். உறுப்பினர்களில் பாதிக்கு மேல் பள்ளி ஆசிரியர்கள், பணியில் இருப்பவர்களும் ஓய்வு பெற்றவர்களும். அவர்களோடு ஓய்வுபெற்ற நில அளவையர் ஒருவர், ஸ்டுடியோ வைத்திருப்பவர் ஒருவர், விவசாயிகள் இருவர். ஆண்டுச் சந்தா 500 ரூபாய். வேறு வருமானம் கிடையாது. செலவில் பெரும்பங்கு வண்டிக்கான பெட்ரோல். தாளும் மையும் அதற்குப் பக்கத்தில்கூட வராது.

பழைய சேலம், வட ஆர்க்காடு மாவட்டங்களின் எல்லை நெடுகிலும் நடுகற்கள், அதாவது சண்டையில் இறந்த வீரர்களுக்கு நட்ட நினைவுக்கற்கள், மிகுதி. 1961-இல் தொடங்கப்பட்ட மாநிலத் தொல்லியல் துறை, செங்கம் பகுதி நடுகற்களைத் தொகுத்து 1970களின் தொடக்கத்தில் வெளியிட்டது. அதன் பிறகு கிடைத்தவற்றில் பலவும் உள்ளூர் ஆசிரியர்கள், ஆர்வலர்கள் கண்ணில் பட்டவை. ஊர் மக்களுக்கு இவை புதிதல்ல. வேடியப்பன் என்ற பெயரில் பல ஊர்களில் இவற்றுக்கு இன்றும் பொங்கல் வைக்கிறார்கள், கிடா வெட்டுகிறார்கள். ஆகவே ‘கண்டுபிடிப்பு’ என்று செய்தியில் வருவதெல்லாம் பெரும்பாலும் எழுத்தை வாசித்ததைத்தான் குறிக்கும்.

மையத்தின் ஆண்டு, பருவத்தை ஒட்டி ஓடுகிறது. தையிலும் மாசியிலும் களப்பணி: அறுவடை முடிந்திருக்கும், புதர் காய்ந்திருக்கும், கல் சுடாது. சித்திரை பிறந்துவிட்டால் காலை ஒன்பது மணிக்கே கல்லின் முகம் கொதிக்கும். எழுத்தைப் படி எடுக்க அதில் ஒட்டிய ஈரத்தாள், தட்டி முடிப்பதற்குள் காய்ந்து சுருளும். கோடையில் வாசிப்பு, ஆடிக்குப் பிறகு பள்ளிகளில் பேச்சு, நவம்பர் 19 முதல் 25 வரை உலகப் பாரம்பரிய வாரத்தில் கண்காட்சி. வடகிழக்குப் பருவமழையில் கணக்கும் கடிதமும்.

தை: கல்லைப் பார்த்தது

ஏரிக்கரையில் எழுத்துள்ள கல் ஒன்று இருப்பதாகப் பள்ளி மாணவர் ஒருவர் சொன்ன தகவலின் பேரில் குழு சென்றது. தரைக்கு மேல் 110 செ.மீ. உயரம், 90 செ.மீ. அகலம், 15 செ.மீ. தடிப்புள்ள பலகைக்கல். இடக்கையில் வில்லும் வலக்கையில் குறுவாளும் ஏந்திய வீரன்; காலருகே சிமிழும் கெண்டியும். இவ்வட்டாரத்தின் பழைய நடுகற்களில் இந்த இரண்டும் அடிக்கடி வருபவை. தலைக்கு மேலும் வலப்புறத்திலும் வட்டெழுத்து என்னும் பழந்தமிழ் எழுத்து. எழுத்தின் மேல் பல காலத்து எண்ணெயும் மஞ்சளும் மெழுகுபோல் படிந்திருந்தன.

குழுவிடம் பூசாரி கேட்ட முதல் கேள்வி: “கல்ல எடுத்துட்டுப் போயிடுவீங்களா சார்?” இல்லை என்று குழு சொன்னது. அப்படிச் சொல்லக் குழுவுக்கு எந்த அதிகாரமும் இல்லை என்பது ஆறு மாதம் கழித்துத்தான் உறைத்தது.

களப்படிவத்தில் பதிந்தவை: ஜிபிஎஸ் இருப்பிடம் ஐந்து தசம இடங்கள் வரை (ஐந்தாவது இடம் ஏறத்தாழ ஒரு மீட்டரைக் குறிக்கும், செல்பேசி அதைவிடத் துல்லியமாகக் காட்டாது), கல் பார்க்கும் திசை, அளவுகள், அருகிலுள்ள மரம், மதகு, வழிபடுவோர், வழிபாட்டு நாட்கள். படிவத்தில் இல்லாத ஒன்று, நிலம் யாருடையது என்பது. கிராம நிர்வாக அலுவலரிடம் அ-பதிவேட்டையும் (புல எண்வாரியாக நில விவரம் உள்ள பதிவேடு) புலப்படத்தையும் பார்த்திருந்தால் அன்று மாலையே தெரிந்திருக்கும். நில அளவையராக இருந்தவர் அன்று குழுவில் வரவில்லை; வேறு யாருக்கும் அது தோன்றவில்லை.

மாசி: படி எடுத்தது

எண்ணெய்க் கல்லில் தாள் ஒட்டாது. அதனால் முதலில் எண்ணெயை அகற்ற வேண்டும், அதற்குப் பூசாரியின் சம்மதம் வேண்டும். பூசை இல்லாத ஒரு நாளை அவரே குறித்தார். வெந்நீர் ஊற்றி ஊறவிட்டு, தென்னை நார்த் தூரிகையால் தேய்த்தார்கள். ஓர் உறுப்பினர் கம்பித் தூரிகை கொண்டுவந்திருந்தார். மூத்தவர்கள் அதைத் தடுத்தது சரி. கம்பி பட்டால் பொருக்கு விட்ட பாறையின் மேல்தோல் எழுத்தோடு உதிரும். ஆசிட், சோப்புத்தூள், எழுத்துக்குள் சுண்ணக்கட்டி தேய்ப்பது ஆகிய மூன்றும் கூடாதவை. சுண்ணக்கட்டி வாசிப்பவரின் ஊகத்தைக் கல்லிலேயே எழுதிவிடும். பிறகு வரும் ஒளிப்படங்களிலெல்லாம் அந்த ஊகம்தான் தெரியும்.

நனைப்பதற்கு முன்பே சாய்வொளிப் படங்கள் எடுக்கப்பட்டன. கல்லைக் கறுப்புத் துணியால் நிழலாக்கி, டார்ச்சைக் கல்லின் முகத்தோடு ஏறக்குறைய ஒட்டினாற்போல் பிடித்து, ஒளியை எட்டுத் திசைகளிலிருந்து மாற்றி மாற்றி எடுப்பது முறை. கேமரா அசையக் கூடாது. முக்காலி இல்லாமல் இதைச் செய்வதில் பயனில்லை. ஒரு திசையில் மறையும் கீற்று இன்னொரு திசையில் நிழல் கட்டி எழும்.

மைப்படி, அதாவது எழுத்தை மையால் தாளில் எடுக்கும் படி, எடுத்த விதம் இது. கல்லை மீண்டும் நனைத்து, தண்ணீரில் ஊறிய மேப்லித்தோ என்ற அச்சுத் தாளை மேலிருந்து கீழாக ஒட்ட வேண்டும். ஒரு தாள் போதாத இடத்தில் அடுத்த தாள் நான்கு விரல் அகலம் மேலேறி இருக்கட்டும். ஓரமும் ஓரமும் தொட்டால் போதும் என்று விட்டால் இணைப்பில் ஓர் எழுத்து காணாமல் போகும். பிறகு கெட்டியான மயிர்த் தூரிகையால் நடுவிலிருந்து வெளிப்புறமாகத் தட்டிக் காற்றை வெளியேற்ற வேண்டும். தட்டத் தட்டத் தாள் எழுத்தின் பள்ளத்துக்குள் இறங்கும். ஆழமான பள்ளத்தில் தாள் கிழிந்தால் பதறத் தேவையில்லை. சிறு துண்டை ஈரத்தோடு மேலே வைத்துத் தட்டினால் சேர்ந்துகொள்ளும்.

அடுத்தது காத்திருப்பு. இங்கேதான் பெரும்பாலான படிகள் கெடுகின்றன. தாள் சொதசொதவென்று இருக்கும்போது மையிட்டால் மை பள்ளத்துக்குள் ஊறி எழுத்தும் கறுத்துவிடும். முழுக்கக் காய்ந்தால் காற்றில் உரியும். தாளின் பளபளப்பு போய், தொட்டால் குளிர்ச்சி மட்டும் இருக்கும் பதம் வேண்டும். விளக்குக்கரியும் கருவேலம் பிசின் நீரும் கலந்த மையை ஒரு தட்டில் தடவி, துணிப்பந்தை அதில் ஒற்றி, முதலில் வேறொரு தாளில் தட்டிச் சோதித்த பிறகே கல்லின் மேல் தட்ட வேண்டும். எழுத்து வெள்ளையாகவும் சுற்றுப்புறம் கறுப்பாகவும் வரும். ஒரே தடவையில் கறுப்பாக்க முயலாமல், மெல்லிய பூச்சாக இரண்டு மூன்று முறை. உரித்த தாளின் பின்பக்கத்தில் பென்சிலால் ஊர், நாள், கல்லின் பக்கம், தாள் எண் ஆகியவற்றை அங்கேயே எழுதிவிட வேண்டும். வீட்டில் வந்து எழுதிக்கொள்ளலாம் என்று வைத்த தாள்கள் எல்லா மையங்களிலும் அனாதையாகக் கிடக்கின்றன.

இரண்டு படிகள் எடுக்கப்பட்டன. முதல் படியில் மேல் வரி கறுத்துப்போனது. இரண்டாவது நன்றாக வந்தது.

பங்குனி, சித்திரை: வாசிப்பு

இரண்டு பேர் தனித்தனியாக வாசித்து, எழுதி முடித்த பிறகே ஒப்பிடுவது மையத்தின் வழக்கம். வட்டெழுத்தில் பகரமும் வகரமும், பிற்கால வடிவங்களில் யகரமும்கூட ஒன்றுபோல் மயக்கும். ஒருவர் உரக்க வாசித்தால் மற்றவர் கண்ணுக்கும் அதுவே தெரிய ஆரம்பித்துவிடும்.

இருவரும் ஒத்துப்போன பகுதி: மன்னன் பெயருக்கு முன் வரும் ‘கோவிசைய’ என்ற அடைமொழித் தொடக்கம், பின்னர் ‘தொறு கொண்ட ஞான்று’, இறுதியில் ‘பட்டான் கல்’. ஆநிரை கவர்ந்தபோது நடந்த சண்டையில் இறந்தவனுக்கு எடுத்த கல் என்பது உறுதி. மன்னன் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் பாறை பொருக்காக உதிர்ந்திருந்தது. வீரன் பெயரில் இரண்டு எழுத்துகளில் இணக்கம் இல்லை.

‘கோவிசைய’ என்று கண்டவுடன் பல்லவர் காலம் என்று சொல்லிவிடும் பழக்கம் ஆர்வலர்களிடையே உண்டு. எடுத்தனூரில் நாய்க்கும் சேர்த்து எடுத்த புகழ்பெற்ற நடுகல் பல்லவ மன்னன் மகேந்திரவர்மனின் 34-ஆம் ஆட்சியாண்டைச் சொல்வதும் அந்த அடைமொழியோடு தொடங்குவதும் இதற்கு ஒரு காரணம். ஆனால் இப்பகுதியில் கங்க மன்னர்களின் நடுகற்களும் அப்படித் தொடங்குகின்றன. பெயர் இல்லாத நிலையில் எழுத்தமைதியை, அதாவது எழுத்துகளின் வடிவத்தை, மட்டும் வைத்து நூற்றாண்டைச் சொல்லலாம், மன்னனைச் சொல்ல முடியாது. ஓய்வுபெற்ற கல்வெட்டாய்வாளர் ஒருவருக்குப் படியின் ஒளிப்படத்தை அனுப்பினார்கள். அவரும் எட்டாம் அல்லது ஒன்பதாம் நூற்றாண்டு, அதற்கு மேல் வேண்டாம் என்றார்.

ஏற்கெனவே பதிவானதா என்று தேடியதில் ஒரு தடங்கல். 1887 முதல் வரும் கல்வெட்டு ஆண்டறிக்கைகளில் ஊர்கள் அக்கால மாவட்டம், தாலுகாவின் கீழ் இருக்கும். தருமபுரி 1965-இலும், திருவண்ணாமலை 1989-இலும், கிருஷ்ணகிரி 2004-இலும் தனி மாவட்டங்களாயின. இன்றைய மாவட்டப் பெயரில் தேடினால் ஒன்றும் கிடைக்காது; சேலம், வட ஆர்க்காடு என்று பார்க்க வேண்டும். ஊர்ப் பெயரின் ஆங்கில எழுத்துக்கூட்டலும் அறிக்கைக்கு அறிக்கை மாறும். இதற்கே சித்திரை முழுதும் போனது. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் உள்ள மாவட்டக் கல்வெட்டுத் தொகுதிகளையும் பார்த்து, கல் பதிவாகவில்லை என்று முடிவு செய்தார்கள்.

ஆனி: செய்தி கொடுத்தது

செயற்குழுவில் இரண்டு கருத்துகள் இருந்தன. வாசிப்பைக் கட்டுரையாக எழுதி ஆய்விதழில் வரும்வரை பொறுக்கலாம் என்பது ஒன்று. உடனே நாளிதழுக்குக் கொடுக்கலாம் என்பது மற்றொன்று. வேறு யாராவது முந்திக்கொள்வார்கள், செய்தி வந்தால் சந்தா சேரும், தொல்லியல் துறையின் கவனமும் விழும் என்றனர் இந்த இரண்டாம் தரப்பினர். மூன்றும் உண்மையான காரணங்களே. சிறு மையங்களுக்குப் பத்திரிகைச் செய்திதான் அடையாளம். அதைக் குறை சொல்வது சுலபம். இரண்டாவது கருத்து வென்றது.

கொடுத்த குறிப்பில் ‘எட்டு, ஒன்பதாம் நூற்றாண்டு’ என்று இருந்தது. வந்த செய்தியில் ‘1,300 ஆண்டு பழமையான பல்லவர் கால நடுகல்’ என்று இருந்தது. திருத்தம் கேட்டும் வரவில்லை. அதைவிடப் பெரிய சிக்கல் மையத்தின் குறிப்பிலேயே இருந்தது: ஊர்ப் பெயர், ஏரியின் பெயர், மதகிலிருந்து எந்தப் பக்கம் என்பது வரை எழுதியிருந்தார்கள். கூடவே கல்லருகே உறுப்பினர்கள் நிற்கும் படம், பின்னணியில் மரமும் கரையும் தெளிவாக. ஊர் மக்களுக்குத் தங்கள் சாமியைப் பற்றிய செய்தி அடுத்த நாள் டீக்கடைப் பேப்பரில்தான் தெரிந்தது.

ஆடி: குழி

செய்தி வந்து சில வாரங்களில், ஆடிப்பெருக்குக்கு முந்தைய வாரம், இரவில் யாரோ கல்லின் அடியில் தோண்டினார்கள். முன்பக்கம் இடுப்பளவு குழி. கல் முன்னோக்கிச் சாய்ந்து மரவேரில் தாங்கி நின்றது. வீரனின் வில் எந்தப் பக்கம் காட்டுகிறதோ அங்கே புதையல் என்ற நம்பிக்கை இவ்வட்டாரங்களில் பழையது. ‘1,300 ஆண்டு’, ‘பல்லவர்’ என்ற சொற்கள் அதற்குத் தூபம் போட்டன என்று கருத இடமுண்டு, நிரூபிக்க வழியில்லை. நடுகல்லின் அடியில் பொன் வைப்பது வழக்கமல்ல.

ஊரின் கோபம் மையத்தின் மேல் திரும்பியது. அது நியாயமற்றது என்று சொல்ல முடியாது.

செயலாளரும் மூத்த உறுப்பினர் இருவரும் அன்று எடுத்த முடிவுகள் மூன்று. ஒன்று, கல்லைத் தொடாமல், குழியை உடனே மூடாமல், முதலில் படம் எடுப்பது. அடுத்து, கிராம நிர்வாக அலுவலர் வழியாக வட்டாட்சியருக்கும், காவல் நிலையத்துக்கும் எழுத்தில் மனு கொடுத்து, மனு பெற்றதற்குக் காவல் நிலையம் தரும் சி.எஸ்.ஆர். ரசீது வாங்குவது. கடைசியாக, ஊர்ப் பெரியவர்களை மையம் தானே போய்ப் பார்ப்பது. 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி, மண்ணில் மறைந்திருந்த பத்து ரூபாய்க்கு மேற்பட்ட மதிப்புள்ள எதைக் கண்டெடுத்தாலும் ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும். ஏதாவது எடுக்கப்பட்டதா என்ற கேள்வி எழும் முன்பே, ஒன்றும் தெரியாது என்பதை எழுத்தில் பதிவது மையத்தையும் ஊரையும் காத்தது.

மனுவில் ஒரு தவறு நேர்ந்தது. ஏரி என்றதும் நீர்வளத் துறைக்கு நகல் அனுப்பினார்கள். அந்த ஏரியின் ஆயக்கட்டு (பாசனம் பெறும் நிலப்பரப்பு) 40 ஹெக்டேருக்குக் குறைவு. அப்படிப்பட்ட ஏரிகள் ஊராட்சி ஒன்றியத்தின் பொறுப்பு. கடிதம் சுற்றி வருவதற்குள் மூன்று வாரம் போனது. தையில் அ-பதிவேட்டைப் பார்த்திருந்தால் இது நேர்ந்திருக்காது.

குழியை மூடியது வருவாய்த் துறையினர் பார்வையிட்ட அன்றே. ஊர் இளைஞர்கள் கடப்பாரையால் கல்லை நிமிர்த்தி, தோண்டிய மண்ணையே ஒரே மூச்சில் தள்ளி மிதித்தார்கள். ஆடிப்பெருக்குப் பூசை தடைபடக் கூடாது என்ற அவசரம்.

ஆகஸ்ட்: இருப்பதா, பெயர்ப்பதா

மாவட்ட அரசு அருங்காட்சியகத்துக்குக் கல்லைக் கொண்டுபோக வேண்டும் என்று மையத்திலேயே சிலர் வாதிட்டனர். கல்லுக்கு மத்திய அரசின் பாதுகாப்பும் இல்லை, மாநில அரசின் பாதுகாப்பும் இல்லை. காவலர் யாரும் வரப்போவதில்லை. அடுத்த முறை உடைந்தால் என்ன செய்வது? வலுவான வாதம்.

எதிர்வாதம் இரண்டு நிலைகளில் வந்தது. ஒன்று கல்லின் எடை. புதைந்த பகுதி 40 செ.மீ. என்று கொண்டால் மொத்தம் 1.5 மீட்டர் நீளம், 0.9 மீ. அகலம், 0.15 மீ. தடிப்பு என்றால் கன அளவு 0.2 கன மீட்டருக்குச் சற்று மேல். கருங்கல் கன மீட்டருக்கு ஏறத்தாழ 2.7 டன். ஆக, கல் அரை டன்னுக்கு மேல். இதை ஜேசிபி வாளியில் சங்கிலி கட்டித் தூக்கினால் ஓரம் பெயரும். எழுத்து ஓரத்தில்தான் இருக்கிறது. நாடாப் பட்டையும் மரச்சட்டமும் பழகிய ஆட்களும் வேண்டும். மற்றொன்று வழிபாடு. அங்கே ஆண்டுதோறும் பொங்கல் வைக்கிறார்கள். பெயர்த்தால் இவ்வட்டாரத்தில் வேறு எந்த ஊரும் இனி மையத்துக்குக் கல்லைக் காட்டாது என்று விவசாய உறுப்பினர் ஒருவர் சொன்னதே முடிவைத் திருப்பியது. எப்படியானாலும் பெயர்க்கும் அதிகாரம் மையத்துக்கு இல்லை. பரிந்துரை மட்டுமே அதன் கையில்.

ஆகஸ்ட் 15 கிராம சபையில் தீர்மானம் வந்தது: கல் இருந்த இடத்திலேயே இருக்கும், எண்ணெய்க் காப்பு ஆடிப்பெருக்கிலும் பொங்கலிலும் மட்டும், அதுவும் உருவத்துக்கு, எழுத்துக்கு வேண்டாம், எனாமல் பெயின்ட் அடிப்பதில்லை, மேடை கட்டுவதானால் தொல்லியல் துறையிடம் கேட்டுச் செய்வது. கூட்டத்துக்கு முன் மையத்தார் கல்லருகே நின்று, எழுதியிருப்பதை வரி வரியாக வாசித்துக் காட்டினர். மாடு மீட்கப் போய் இறந்தவன் என்று தெரிந்ததும் ஊரில் ஏற்பட்ட ஆர்வம், செய்தித்தாளால் வந்ததைவிடக் கூடுதல். ‘பட்டான்’ என்றால் இறந்தான் என்பதை அங்கே யாருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

சிமென்ட் மேடை வேண்டும் என்று நன்கொடையாளர் ஒருவர் முன்வந்தார். சிமென்டிலிருந்து உப்பு ஈரத்தோடு கல்லுக்குள் ஏறி மேல்தோலைப் பொருக்காக்கும். பின்னாளில் கல்லை உடைக்காமல் எடுக்கவும் முடியாது. இதைப் புரியவைக்க இரண்டு சந்திப்புகள் ஆயின.

செப்டம்பர் முதல் டிசம்பர் வரை

ஆண்டுப் பொதுக்குழு, தணிக்கை செய்த கணக்கு, உறுப்பினர் பட்டியல் ஆகியவை மாவட்டப் பதிவாளரிடம் வழக்கம்போல் தாக்கல் ஆயின. பொதுக்குழுவில் சூடாக நடந்தது பெயர்ச் சண்டை: செய்தியில் யார் பெயர் முதலில் வந்தது என்பது. தகவல் சொன்ன மாணவரின் பெயர் எங்குமே இல்லை என்று ஓர் ஆசிரியை சுட்டிக்காட்டிய பின் அது அடங்கியது. இரண்டு உறுப்பினர்கள் விலகினர்.

உலகப் பாரம்பரிய வாரக் கண்காட்சியில் மைப்படியே வைக்கப்பட்டது. இடத்தின் படம் வைக்கப்படவில்லை.

கார்த்திகை மழையில் கல் மறுபடியும் சாய்ந்தது. ஒரே மூச்சில் தள்ளிய மண் நீரில் அமிழ்ந்ததே காரணம். மழை ஓய்ந்த பின் வருவாய்த் துறைக்குத் தெரிவித்து, பூசாரி முன்னிலையில் மீண்டும் செய்தார்கள். கல்லை மரச்சட்டத்தால் முட்டுக்கொடுத்து, தூக்குக்குண்டு பிடித்து நேர்நிறுத்தி, மண்ணை ஒரு சாண் கனத்துக்குக் கொட்டி, லேசாக நீர் தெளித்து, திமிசால் (மண்ணை இறுக்கும் இடிகட்டை) இடித்து, அடுத்த அடுக்கு. கடைசி அடுக்கு, நீர் தேங்காதபடி கல்லிலிருந்து வெளிப்புறமாகச் சரிவு.

தோண்டியவர்கள் கண்டுபிடிக்கப்படவில்லை.

மாற்றியவை

களப்படிவத்தின் முதல் வரி இப்போது புல எண்ணும் நில வகைப்பாடும்: பட்டா என்றால் உரிமையாளர், புறம்போக்கு என்றால் எந்தத் துறை, ஏரி என்றால் ஆயக்கட்டு எவ்வளவு. எழுத்தை வாசித்ததும் முதலில் கேட்பது அந்த ஊர். கல்லருகே வாசித்துக் காட்டி, அடுத்து வரும் கிராம சபையில் வைத்த பிறகே வெளியில் சொல்வது. ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 முதலிய நாட்கள் கிராம சபைக்கு இருப்பதால் காத்திருப்பு சில மாதங்களுக்கு மேல் போகாது. முந்திக்கொள்வார்கள் என்ற பயத்துக்கு, படியின் ஒளிப்படத்தை நாளிட்டுத் தொல்லியல் துறைக்குப் பதிவுத் தபாலில் அனுப்பிவைப்பது ஓரளவு மருந்து.

செய்திக் குறிப்பில் வட்டத்தின் பெயருக்கு மேல் இடம் சொல்வதில்லை. படம் மைப்படியுடையது அல்லது பின்னணி தெரியாத நெருக்கப் படம். காலத்தை நூற்றாண்டாக மட்டும் எழுதுவது. நூற்றாண்டை ஆண்டுக்கணக்காக்கி இவ்வளவு பழமை என்று குறிப்பில் கொடுப்பதில்லை. அடியில் புதையல் இருக்காது என்ற ஒரு வரியைச் சேர்ப்பதா என்பதில் இன்னும் கருத்து வேறுபாடு. சேர்த்தால் இல்லாத எண்ணத்தை விதைக்கும் என்று ஒரு தரப்பு. எண்ணம் ஏற்கெனவே இருக்கிறது என்று மறுதரப்பு. இரண்டாவது தரப்பே சரி என்று இந்த நிகழ்வு காட்டுகிறது.

தகவல் சொன்னவரின் பெயரை, அவர் விரும்பினால், முதலில் போடுவது என்ற விதியும் எழுதப்பட்டது. மாணவர்கள் என்றால் பெற்றோர் சம்மதத்துடன்.

நல்ல படி மாவட்ட அருங்காட்சியகத்துக்குக் கொடுக்கப்பட்டுள்ளது. மேல் வரி கறுத்த படி மையத்திடம் இருக்கிறது. வீரன் பெயரின் இரண்டு எழுத்துகளுக்காக, பொங்கல் காப்புக்கு முன்பு சாய்வொளிப் படங்களை மறுபடி எடுக்கப் பூசாரியிடம் நாள் கேட்டிருக்கிறார்கள்.